நாலு வரிச் செய்தி

எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது. உங்களுக்குத்தான் தர வேண்டும். பதினேழு வருஷம் தாண்டிவிட்டது. பி.காம். படித்தவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தீர்க்காத பாக்கி பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி, ‘என்ன சார், என்னை எப்ப முடிக்கப் போறீங்க?’ என்று கேட்கும். இந்த வாரம் முடித்துவிடுகிறேன்.

2008 ஆகஸ்ட். பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். அப்போது நான் ஒரு நாளிதழின் வணிகப் பக்கத்தில் உதவி ஆசிரியர். வயசு இருபத்தேழு. ஒலிம்பிக்ஸ் வந்தால் விளையாட்டுப் பக்கத்துக்கு ஆள் போதாது. பக்கத்து வீட்டில் சர்க்கரை கடன் வாங்குகிற மாதிரி என்னை இரண்டு வாரத்துக்கு வாங்கிப் போயிருந்தார்கள்.

அந்த வருஷம் நமக்குக் கொண்டாட்டம். அபினவ் பிந்த்ரா துப்பாக்கியில் தங்கம். சுஷில் குமாருக்கு மல்யுத்தத்தில் வெண்கலம். விஜேந்தருக்குக் குத்துச்சண்டையில் வெண்கலம். பக்கம் முழுக்க அவர்கள் படம்தான். ஆகஸ்ட் 24, கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. என் மேஜைக்கு ஆண்கள் ஹேண்ட்பால் இறுதிப் போட்டியின் ஏஜென்சி செய்தி வந்து விழுந்தது. பிரான்ஸ் 28, ஐஸ்லாந்து 23. நாலு வரியில் எழுதிக் கொடுத்தேன். கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்தது. ‘ரெண்டு வரி வெட்டுங்க’ என்றார் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சீனியர். வெட்டினேன். ‘ஹேண்ட்பால்: பிரான்ஸ் தங்கம் வென்றது’ என்பது மட்டும் மிஞ்சியது. யார் கேட்கப் போகிறார்கள்?

மறுநாள் காலையில் கேட்டுவிட்டார்கள்.

‘‘ஏங்க, ஃபைனல்ல பிரான்ஸ் யாரை ஜெயிச்சது? செவுத்தையா?’’

கேட்டது என் மனைவி. கல்யாணமாகி இரண்டு வருஷம். கல்லூரியில் ஹேண்ட்பால் ஆடியவள், கோல் கீப்பர் என்பது தெரியும். வலது கை சுண்டு விரல் லேசாகக் கோணியிருக்கும். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அன்றைக்கு இட்லி ஆறும்வரை சொன்னாள்.

உங்களில் பலருக்கு இந்த விளையாட்டு அவ்வளவாகப் பழக்கமிருக்காது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு ஏழு பேர். நாற்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலத்தில் ஒரு தளம். பாதிக்கு முப்பது நிமிடம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் நடக்கக்கூடாது, மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. கோலுக்கு முன்னால் ஆறு மீட்டருக்கு ஒரு கோடு. அதைத் தாண்டிக் கால் வைக்கக்கூடாது. ஆகவே ஆட்டக்காரர்கள் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பி, அந்தரத்தில் இருக்கும்போதே எறிகிறார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம். எதிரே கோல் கீப்பர் கையுறைகூட இல்லாமல் நிற்கிறார்.

‘‘பத்து பால் வந்தா நாலு பிடிச்சா அவ பெரிய கீப்பர். ஆறு உள்ள போயிடும். போனதை எண்ணிக்கிட்டு நின்னா அடுத்தது மூஞ்சியில வந்து விழும்’’ என்றாள்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

*

நான் வெட்டி எறிந்த அந்த இரண்டு வரியில் என்ன இருந்தது என்று இப்போது கணக்குப் பார்க்கலாம்.

2008-ல் ஐஸ்லாந்தின் ஜனத்தொகை சுமார் 3 லட்சத்து 15 ஆயிரம். 2011 கணக்கெடுப்பில் தஞ்சாவூர் நகரத்தில் மட்டும் சுமார் 2 லட்சத்து 23 ஆயிரம் பேர். அதோடு இன்னும் தொண்ணூறாயிரம் பேரைச் சேர்த்தால் ஒரு ஐஸ்லாந்து. ஒரு தேசமே அவ்வளவுதான். அதிலிருந்துதான் டாக்டர், மீனவர், அமைச்சர், ஆசிரியர், பேங்க் மானேஜர் எல்லோரும் வரவேண்டும். மிச்சமிருப்பவர்களில் ஹேண்ட்பால் டீமும் வரவேண்டும்.

அந்த டீம் பெய்ஜிங்கில் யார் யாரோடு மோதியது? முதல் ஆட்டம் ரஷ்யாவோடு. பதினாலு கோடி ஜனம். 33-31, ஜெயித்தார்கள். அடுத்தது ஜெர்மனி, எட்டு கோடி. முந்தைய வருஷம்தான் உலக சாம்பியன் ஆனவர்கள். 33-29. பிறகு தென் கொரியாவிடம் ஒரே ஒரு கோலில் தோல்வி. அந்த வருஷ ஐரோப்பிய சாம்பியன் டென்மார்க்கோடு 32-32 டிரா. எகிப்தோடும் அதே 32-32. தட்டுத் தடுமாறித்தான் காலிறுதிக்கு வந்தார்கள். அங்கே போலந்தை 32-30. அரையிறுதியில், 2005 உலக சாம்பியன் ஸ்பெயினை 36-30. ஆறு கோல் வித்தியாசம். உலகம் திரும்பிப் பார்த்தது. நான் பார்க்கவில்லை.

இறுதியில் பிரான்ஸ். கோலில் தியரி ஓமெயர், முன்னே நிகோலா கராபாடிச். இந்த விளையாட்டின் மகா மகா ஆட்டக்காரர்கள் பட்டியலில் எப்போதும் இருக்கிற பேர்கள். அந்த டீம் அடுத்து 2009-ல் உலகக் கோப்பையையும் 2010-ல் ஐரோப்பியக் கோப்பையையும் எடுத்து, மூன்று பட்டங்களையும் ஒரே சமயத்தில் கையில் வைத்திருந்தது. அதனிடம் ஐந்து கோலில் தோற்பது ஒன்றும் அவமானமில்லை.

ஐஸ்லாந்துக்கு ஒலிம்பிக்ஸ் சரித்திரத்தில் அது நாலாவது பதக்கம். 1956 மும்முறைத் தாண்டலில் ஒரு வெள்ளி, 1984 ஜூடோவில் ஒரு வெண்கலம், 2000-ல் கோலூன்றித் தாண்டலில் ஒரு வெண்கலம். அப்புறம் இது. அணியாக ஆடி வாங்கியதில் இதுதான் முதல்.

அரையிறுதி முடிந்ததும் ஒரு வேடிக்கை. ஐஸ்லாந்து ஜனாதிபதியின் மனைவி டோரிட் முசாயெஃப் அரங்கில் இருந்தார். ஜெருசலேமில் பிறந்தவர். ஐஸ்லாந்து மொழியைப் பெரியவளான பிறகு கற்றுக்கொண்டவர். டி.வி. மைக் முன்னால் உணர்ச்சிவசப்பட்டு, ‘உலகத்திலேயே பெரிய நாடு ஐஸ்லாந்து’ என்று சொன்னார். அதில் ஓர் இலக்கணப் பிழை. ‘ஸ்டைர்ஸ்டா’ என்று வரவேண்டிய இடத்தில் ‘ஸ்டோரஸ்டா’ என்றுவிட்டார். மழலை மாதிரி. மொழியில் ரொம்பக் கறாரான அந்த ஜனங்கள் கோபித்துக்கொண்டார்களா? ம்ஹும். அந்தப் பிழையை அப்படியே பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

அந்த ஊர்ப் பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயிற்சியாளர் பெயர் குட்மண்டுர் குட்மண்ட்சன். வாயில் நுழையவில்லை என்று பயப்படாதீர்கள். குட்மண்டுரின் பிள்ளை குட்மண்டுர், அவ்வளவுதான். அங்கே பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான். நம் இனிஷியலை அவர்கள் பின்னால் போட்டுக்கொள்கிறார்கள். கேப்டன் ஓலாஃபுர் ஸ்டெஃபான்சன், நம் பாஷையில் எஸ். ஓலாஃபுர். இப்போது பக்கத்துத் தெருக்காரர் மாதிரி இல்லை?

*

இது குருட்டு அதிர்ஷ்டமா என்றால், இல்லை. ஐஸ்லாந்தின் பாஸ்புக்கைப் பாருங்கள். 1958-ல் முதல் முறையாக உலகப் போட்டிக்கு வந்தார்கள். 1961-ல் ஆறாவது இடம். 1986-ல் மறுபடி ஆறாவது. 1992 ஒலிம்பிக்ஸில் நாலாவது, பதக்கம் மயிரிழையில் போனது. 1995-ல் சொந்த ஊரில் போட்டி நடத்தினார்கள். பதினாலாவது இடம், மானம் போயிற்று. 1997-ல் ஐந்தாவது. 2002 ஐரோப்பியப் போட்டியில் நாலாவது. ஐம்பது வருஷம் சிறுகச் சிறுகப் போட்ட ரெக்கரிங் டெபாசிட். குளிர்காலத்தில் பகல் என்பது சில மணி நேரம்தான் அந்த ஊரில். பிள்ளைகளுக்கு உள்ளரங்கங்கள் கட்டிக் கொடுத்தார்கள். சின்ன ஊரிலும் ஒரு கிளப், ஒரு பயிற்சியாளர். நன்றாக ஆடுகிறவன் வளர்ந்ததும் ஜெர்மனிக்கோ டென்மார்க்குக்கோ ஸ்பெயினுக்கோ போய்த் தொழில்முறையில் ஆடுவான். தேசத்துக்கு ஆட்டமென்றால் திரும்பி வருவான்.

இந்த விளையாட்டில் எந்தக் கணக்கும் நிரந்தரம் இல்லை. 1961, 64, 70, 74 என்று நாலு முறை உலகக் கோப்பை வாங்கியது ருமேனியா. அதே ருமேனியா 2011-க்குப் பிறகு 2025 வரை உலகப் போட்டியில் மறுபடி கால் வைக்கவே இல்லை. கணக்குப்பதிவியலில் இதைத் தேய்மானம் என்போம். சோவியத் யூனியனும் யுகோஸ்லாவியாவும் சாம்பியன்களாக இருந்தன. இப்போது அந்தத் தேசங்களே இல்லை. பிரான்ஸ் 1995-லிருந்து 2017-க்குள் ஆறு முறை. டென்மார்க் 2019, 21, 23, 25 என்று வரிசையாக நாலு முறை. ஐரோப்பாவுக்கு வெளியே எந்த நாடும் 2025 வரை உலகக் கோப்பையைத் தொட்டதில்லை. நாம் அந்தப் போட்டிக்குத் தகுதி பெற்றதே இல்லை.

தொட்டுவிடும் தூரம் வந்தது கத்தார் மட்டும்தான். 2015, சொந்த மண்ணில் போட்டி. கியூபா, மாண்டினீக்ரோ, போஸ்னியா என்று பல தேசத்து ஆட்டக்காரர்களுக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். 2013-ல் ஸ்பெயினை உலக சாம்பியனாக்கிய வலேரோ ரிவேராவைப் பயிற்சியாளராக அழைத்துவந்தார்கள். இறுதியில் பிரான்சிடம் 25-22, வெள்ளி. விதிப்படி எல்லாம் சரி. நன்றாகவும் ஆடினார்கள். ஐஸ்லாந்து டீமிலும் லாட்வியாவில் பிறந்த அலெக்சாண்டர் பீட்டர்சன் இருந்தார், மறைக்கவில்லை. ஆனாலும் சொத்தைக் கடையில் வாங்குவதற்கும் வீட்டில் விளைவிப்பதற்கும் பேரேட்டில் தனித்தனிப் பக்கம்.

*

ஐஸ்லாந்து பேங்குகள் விஷயத்தில் அந்த ஜனங்கள் இந்தப் பாடத்தை மறந்துபோனார்கள். இதுதான் ஆச்சரியம்.

டீம் ஊர் திரும்பியபோது ரெய்க்யாவிக் தெருக்களில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். விருது கொடுத்தார்கள். இறுதிப் போட்டி முடிந்த 43-வது நாள், அக்டோபர் 6, பிரதமர் கெய்ர் ஹார்டே டி.வி.யில் தோன்றினார். நாடே திவாலாகும் ஆபத்து என்றார். ‘கடவுள் ஐஸ்லாந்தை ஆசீர்வதிக்கட்டும்’ என்று முடித்தார். ஒரு பிரதமர் பேச்சைக் கடவுளிடம் விட்டு முடித்தால் அப்புறம் என்ன பாக்கி? அந்த ஒரு வாரத்தில் லாண்ட்ஸ்பாங்கி, கிளிட்னிர், காப்திங் என்று மூன்று பெரிய பேங்குகளும் விழுந்தன. நாட்டின் மொத்த வருஷ உற்பத்தியைப் போலச் சுமார் பத்து மடங்கு சொத்து என்று கணக்குக் காட்டிய பேங்குகள். பெரும்பாலும் வெளிநாட்டில் வாங்கிய கடன். லாண்ட்ஸ்பாங்கியின் சொத்தை முடக்கப் பிரிட்டன் தன்னுடைய தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தை எடுத்தது. நவம்பரில் ஐ.எம்.எஃப். 210 கோடி டாலர் கடன் கொடுத்தது.

இப்போது நான் வணிகப் பக்கத்துக்குத் திரும்பிவிட்டேன். அரைப் பக்கம் எழுதினேன். ‘மீன் பிடித்தவர்கள் பேங்க் பிடித்த கதை’ என்று தலைப்பு. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டாமா என்று கேட்டிருந்தேன். பேராசை என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தேன். நல்ல கட்டுரை என்று பாராட்டினார்கள்.

எழுதியவன் யோக்கியதை என்ன தெரியுமா? 2007 டிசம்பரில், சென்செக்ஸ் இருபதாயிரத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது, சேமிப்பு மொத்தத்தையும் போட்டுப் பங்கு வாங்கியிருந்தேன். போதாமல், பீரோவிலிருந்து மனைவியின் நாலு வளையல்களை எடுத்து அடகு வைத்து, அதையும் போட்டேன். ‘பாலிஷ் போடக் கொடுத்திருக்கேன்’ என்று அவளிடம் சொல்லியிருந்தேன். பத்து மாசமாகப் பாலிஷ். 2008 அக்டோபர் கடைசியில் சென்செக்ஸ் ஒன்பதாயிரத்துக்கும் கீழே. ஐஸ்லாந்து செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன். அவர்களுக்கு வெளிநாட்டுக் கடன், எனக்கு வளையல் கடன். அவர்கள் பிரதமராவது டி.வி.யில் வந்து உண்மையைச் சொன்னார்.

கட்டுரை வந்த அன்று ராத்திரி அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்துவிட்டு, ‘‘இந்த ஊர்தானே அன்னிக்கு ஃபைனல் ஆடினது?’’ என்றாள்.

‘‘ஆமா.’’

‘‘ஜெயிச்சப்ப ரெண்டு வரிகூட இல்ல. விழுந்தா அரைப் பக்கமா?’’

என்ன நினைத்தேனோ, அந்த நிமிஷம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சேமிப்பு, வளையல், பாலிஷ், எல்லாம். அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் ரொம்ப நேரம் கோணல் விரலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

‘‘எவ்வளவு போச்சு?’’

‘‘ஒரு லட்சத்து எண்பதாயிரம்.’’

‘‘மிச்சம் எவ்வளவு?’’

பத்து மாசமாகப் போனதை மட்டுமே தினமும் ராத்திரி எண்ணிக்கொண்டிருந்தேன். மிச்சம் எவ்வளவு என்று பி.காம். படித்த எனக்கு ஒரு தடவைகூடக் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. கூட்டினோம். நாற்பத்தோராயிரம் இருந்தது. முதலில் வளையல்களை மீட்டோம். உடனே இல்லை, ஒன்றரை வருஷத்தில். அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். பணம் போனதை மன்னித்தாள். பாலிஷை மன்னிக்க ரொம்ப நாள் ஆயிற்று.

*

ஐஸ்லாந்து என்ன ஆயிற்று?

2009 ஜனவரியில் குரோஷியாவில் உலகப் போட்டி. வெள்ளி வாங்கிய ஐஸ்லாந்து அதில் இல்லவே இல்லை. ஒலிம்பிக்ஸுக்கு முன்னாலேயே தகுதிச் சுற்றில் மாசிடோனியாவிடம் தோற்றிருந்தார்கள். அதே ஜனவரியில் ரெய்க்யாவிக்கில் ஜனங்கள் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு நாடாளுமன்றத்தைச் சுற்றி நின்றார்கள். மாசம் முடிவதற்குள் அரசாங்கம் விழுந்தது.

அடுத்த ஜனவரி, 2010. ஐரோப்பியப் போட்டி, ஆஸ்திரியாவில். நாணயம் சரிந்த, வேலை போன, வீட்டுக் கடன் ஏறிய ஒரு தேசத்தின் டீம் போலந்தை 29-26 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கியது. பேங்க் விழுந்தது. உள்ளரங்கங்கள் விழவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பந்து எறியச் சொல்லிக்கொடுத்த ஆட்கள் விழவில்லை. ஐம்பது வருஷ டெபாசிட் எந்த பேங்கிலும் இல்லாததால் பிழைத்தது. ஐ.எம்.எஃப். கடனையும் 2015-ல் தவணைக்கு முன்னாலேயே கட்டி முடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் பெரிய பதக்கம் எதையும் வாங்கவில்லை. ஆனால் வேறொரு ஏற்றுமதி ஆரம்பித்தது. 2016-ல் ஜெர்மனியை ஐரோப்பிய சாம்பியனாக்கியவர் டாகுர் சிகுர்ட்சன், ஐஸ்லாந்துக்காரர். அதே வருஷம் ரியோ ஒலிம்பிக்ஸில் டென்மார்க் முதல் முறையாகத் தங்கம் வாங்கியது. பயிற்சியாளர் நம்முடைய அதே குட்மண்டுரின் பிள்ளை குட்மண்டுர். 2024 பாரிஸில் வெள்ளி வாங்கிய ஜெர்மனிக்கு ஆல்ஃபிரெட் கிஸ்லாசன், அவரும் அந்த ஊர்தான்.

2025 ஜனவரி உலகப் போட்டியில் ஐஸ்லாந்து நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஸ்லோவேனியாவை ஜெயித்தது, எகிப்தை ஜெயித்தது. ஸாக்ரெப் நகரில் குரோஷியாவோடு ஆட்டம். குரோஷியாவின் பயிற்சியாளர் யார் என்கிறீர்கள்? டாகுர் சிகுர்ட்சன். 32-26, ஐஸ்லாந்து தோற்றது. மூன்று டீம்களுக்கும் சமமான புள்ளி. கோல் வித்தியாசத்தில் ஐஸ்லாந்து வெளியே. குரோஷியா இறுதி வரை போனது. சொந்தப் பிள்ளை கையாலேயே அடி.

மறுநாள் அந்த ஆட்டத்தின் துண்டுக் காட்சிகளை மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். டீம் பட்டியலைக் காட்டினேன். கோல் கீப்பர்களில் ஒரு பேர், பியோர்க்வின் பால் குஸ்தாவ்சன். 2008 பெய்ஜிங்கில் கோலில் நின்ற இருபத்து மூன்று வயதுப் பையன். இப்போது முப்பத்தொன்பது.

‘‘இன்னும் நிக்கிறானா?’’ என்றாள்.

கையில் அந்த வளையல்கள் இருந்தன.

நாளிதழில் தப்பாக ஏதாவது போட்டுவிட்டால் உள்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத மாதிரி, ஒரு சின்னக் கட்டம் போடுவோம். இது அந்தக் கட்டம். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

திருத்தம்: 2008 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ஹேண்ட்பால் செய்தியில் ஒரு தகவல் விடுபட்டுவிட்டது. இறுதிப் போட்டியில் பிரான்சை எதிர்த்து ஆடி வெள்ளி வென்ற நாடு ஐஸ்லாந்து. ஜனத்தொகை சுமார் 3 லட்சத்து 15 ஆயிரம்.